சாயமும் வெயிலும் – 12: துகளை எவ்வளவு பொடியாக்கலாம்?

1856-இல் பெர்கின் கண்ட ஊதாச் சாயத்தில் தொடங்கி, 1897-இல் செயற்கை நீலம் வணிகத்துக்கு வந்தது வரையிலான கதையைச் சென்ற இதழில் முடித்தோம். அந்த நாற்பது ஆண்டுகளில் சாய வேதியியலாளர்கள் ஒரு குணத்தை விடாமல் தேடினார்கள்: துணியில் ஏறிய நிறம் வெயிலுக்கும் வெந்நீருக்கும் அசையக் கூடாது. தேடியது கிடைத்தது. காஞ்சிபுரத்தில் அரக்கும் மயில் கழுத்தும் எம்.எஸ். நீலமும் பல்லாண்டு மங்காமல் இருப்பதற்கு அந்தக் குணமே காரணம். அதே குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டு நூலில் ஏறாமல் தொட்டியிலேயே தங்கிவிட்ட சாயமும் அசையாது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் சிட்டங்களை வேகவைத்து அதை எடுத்த பிறகுதான் சாயம் போட முடியும். ஆக, பட்டறையை விட்டு வெளியேறும் நீரில் பசை, சோப்பு, சோடா, உப்பு, அசிட்டிக் அமிலம், எஞ்சிய சாயம் எல்லாம் இருக்கும். வேகவதியும் பாலாறும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஊரில் இந்த நீரை அடித்துக்கொண்டு போக வெள்ளம் வருவதில்லை. வெயிலுக்கு அசையாதபடி செய்த பொருளை வெயிலைக் கொண்டே எரிப்பது எப்படி என்ற கேள்விக்கு, குறைகடத்தித் தூள் ஒன்றைத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் போதும் என்று அரை நூற்றாண்டாக ஒரு பதில் சொல்லப்படுகிறது. அதன் கூடவே ஒரு நம்பிக்கையும் வருகிறது: தூளை எவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவு நல்லது. இந்தத் துறையின் வரலாற்றைக் கவனமாகப் படித்தால் அந்த நம்பிக்கை தேறாது என்பதே இந்த அத்தியாயத்தில் என் வாதம்.

முதலில், இந்த வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நல்ல பெயரோடு பிறக்கவில்லை; வண்ணப்பூச்சுத் தொழிலின் தலைவலியாகப் பிறந்தது. மியூனிக்கில் அலெக்சாண்டர் ஐப்னர் 1911-இல், துத்தநாக வெள்ளையோடு கலந்த பிரஷ்ய நீலம் ஒளியில் வெளுப்பதைப் பதிவு செய்தார். 1921-இல் ரென்ஸ், டைட்டானியம் டைஆக்சைடு கரிமப் பொருள்களின் முன்னிலையில் ஒளிபட்டால் தானே நிறம் மாறுவதைக் காட்டினார். 1920-களின் இறுதியில் டைட்டானியம் வெள்ளை கலந்த பூச்சுகள் வெயிலில் நிறம் மங்குகின்றன என்ற புகார் ஜெர்மனியில் எழுந்தது. பூச்சைப் பிடித்து நிற்கும் பிசினை அந்த வெள்ளைத் தூளே சிறுகச் சிறுக எரித்துவிடுகிறது. எஞ்சுவது கையில் ஒட்டும் சுண்ணாம்பு போன்ற பொடி. கோபுரச் சுதைச் சிற்பங்களின் வெயில் படும் பக்கத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொடி பழக்கமானது. அங்கே பிசினை நேரடியாகத் தாக்கும் புற ஊதாக் கதிருக்கும் பங்குண்டு, பழியெல்லாம் டைட்டானியத்தின் தலையில் போட முடியாது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் குடீவும் கிச்சனரும் 1938-இல் இதை முறையான பரிசோதனையாக்கினார்கள். ஒரு நீலச் சாயத்தை டைட்டானியம் டைஆக்சைடு தூளின் மேல் ஏற்றி, புற ஊதா ஒளி காட்டி, சாயம் வெளுப்பதையும் தூள் அப்படியே இருப்பதையும் கண்டார்கள். அதாவது தூள் எரிபொருளாகச் செலவாகவில்லை, வினையூக்கியாக நின்றது. பூச்சுத் தொழில் இதற்குக் கண்ட மருந்து, ஒவ்வொரு துகளையும் சிலிக்கா அல்லது அலுமினாப் போர்வையால் மூடுவது.

அந்தக் காலத்தில் துகளின் அளவு பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை என்பதில் வியப்பில்லை. வெள்ளைப் பூச்சுக்கான துகளின் அளவு வேறொரு காரணத்துக்காக ஏற்கெனவே முடிவாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிக அதிகமாகச் சிதறடிக்கும் துகள்தான் மிக வெண்மையாகத் தெரியும். டைட்டானியம் டைஆக்சைடுக்கு அந்த அளவு 200 முதல் 300 நானோமீட்டர் வரை, அதாவது ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி. நமக்கு இதில் ஊர்த் தொடர்பும் உண்டு. தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலைப் பார்த்து, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைத் தேடிவந்தது மோனசைட்டுக்காக. அதே கருமணலில் பெருமளவு கிடந்த இல்மனைட்தான் டைட்டானியத்தின் தாது. 1946-இல் தொடங்கப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் நிறுவனம் அந்தத் தாதுவை வெள்ளைத் தூளாக்கியது, பூச்சுக்காக. ஒரே பொருள் 250 நானோமீட்டரில் வெண்மை தருகிறது. அதையே 20 நானோமீட்டராக்கினால் வெண்மை போய்விடுகிறது, தண்ணீரில் கலக்கினால் பால் போலன்றி மங்கலான நீலச்சாயலோடு கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும்படி நிற்கிறது. வேதியியல் பெயர் ஒன்றுதான், நடத்தை வேறு. அளவை ஒரு தனி மாறியாக எடுத்துக்கொள்ளத் துறைக்கு இன்னும் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இந்தியாவில் இந்த வேதியியல் தொடங்கியது சாயத்தில் அல்ல, மண்ணில். அலகாபாத்தில் நீல் ரத்தன் தாரும் கோபால ராவும் 1931-இல், அம்மோனியா உப்புகள் வெயிலில் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடுகளின் முன்னிலையில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன என்றும், வெப்பநாட்டு மண்ணில் நைட்ரேட் உருவாவதில் நுண்ணுயிர்களோடு வெயிலுக்கும் பங்குண்டு என்றும் எழுதினார்கள். மண்ணில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதில் பிற்காலத்தவர் அவர்களோடு உடன்படவில்லை. ஆனால் ஆக்சைடு பரப்பில் ஒளி வேதிவினை நடத்தும் என்ற அடிப்படை நின்றது. அடுத்து, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கிளேர் மார்க்கம் என்ற கன்னியாஸ்திரி வேதியியலாளரோடு ஜே. சி. குரியகோஸ் சேர்ந்து, துத்தநாக ஆக்சைடின் பரப்பில் ஒளியால் மெத்தில் மெத்தாக்ரிலேட் எவ்வாறு பாலிமராகிறது என்பதை 1961-இல் வெளியிட்டார். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்கவியலை வளர்த்தவர் இந்தக் குரியகோஸ்தான். ஆக, ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியம் டைஆக்சைடு படிகத்தில் ஒளிபாய்ச்சித் தண்ணீரைப் பிளந்ததோடுதான் துறையே பிறந்தது என்று பாடநூல்கள் சொல்வது அரைகுறை வரலாறு. அந்த 1972 பரிசோதனையில் நம் கேள்விக்கு முக்கியமான ஒரு விவரம் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தியது தூளே அல்ல, கண்ணால் பார்க்கக்கூடிய ஒற்றைப் படிகம். ஒளி எலெக்ட்ரானையும், அது விட்டுச்செல்லும் காலியிடமான துளையையும் பிரித்தது. எலெக்ட்ரான் கம்பி வழியே பிளாட்டினத்துக்குப் போய் ஹைட்ரஜனை உண்டாக்கியது, துளை படிகப் பரப்பிலேயே ஆக்சிஜனை உண்டாக்கியது. இரண்டு வினையும் இரண்டு இடத்தில். பிறகு ஆலன் பார்டு முதலானோர், ஒவ்வொரு தூள்துகளையும் மின்வாய்கள் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட மிகச்சிறிய மின்கலமாகப் பார்க்கலாம் என்றார்கள். கம்பி போய்விட்டது, செலவு குறைந்தது. ஆனால் பிரித்தவை மீண்டும் சேர்ந்துகொள்ளாமல் தடுக்க இருந்த தூரமும் போய்விட்டது. அளவு குறித்த சண்டை முழுவதும் இந்தத் தூரத்தைச் சுற்றியதுதான்.

அனடேஸ் வடிவ டைட்டானியம் டைஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். அதாவது ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிதான் அதில் எலெக்ட்ரானைக் கிளப்பும். வெயிலில் அப்படிப்பட்ட ஒளி நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கிளம்பிய எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பரப்பை அடைந்தால் வேலை நடக்கும்: துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் உறுப்பை உண்டாக்கும் அல்லது சாயத்தை நேரடியாகத் தாக்கும், எலெக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். வழியிலேயே இரண்டும் சந்தித்துக்கொண்டால் ஒளி வெறும் வெப்பமாகிவிடும். இங்கேதான் பொடியாக்கும் ஆசை பிறக்கிறது. வெல்லத்தை உடைத்துப் போட்டால் சீக்கிரம் கரையும் என்று எல்லோருக்கும் தெரியும்; பரப்பு கூடுகிறது. கணக்கும் அதையே சொல்கிறது. உருண்டைத் துகள் என்று வைத்துக்கொண்டால், 250 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு கிராம் அனடேஸின் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். 25 நானோமீட்டராக்கினால் 60 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 6 நானோமீட்டராக்கினால் 250 தாண்டும். இதைவிடக் கவர்ச்சியான இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளே பிறந்த எலெக்ட்ரான் பரவிப் பரவிப் பரப்பை அடைய எடுக்கும் நேரம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரம் பத்து மடங்கு குறைந்தால் நேரம் நூறு மடங்கு குறையும். 20 நானோமீட்டர் விட்டத் துகளில் அது ஏறத்தாழ 10 பைக்கோ நொடி, 250 நானோமீட்டர் துகளில் ஒன்றிரண்டு நானோ நொடி. துகளுக்குள் நடக்கும் மீள்சேர்க்கையை முந்திக்கொண்டு வெளியே வந்துவிட இந்த வேகம் உதவும். இது வரை பொடியாக்கச் சொன்னவர்கள் பக்கமே நியாயம்.

ஆனால் பரப்பை அடைவது வேறு, பரப்பில் பிரிந்தே இருப்பது வேறு. பெரிய துகளில், பரப்புக்கு அருகே உண்டாகும் மின்புலம் துளையை ஒரு பக்கமும் எலெக்ட்ரானை மறுபக்கமும் தள்ளும். அந்தப் புலம் விரிந்து நிற்க பல பத்து நானோமீட்டர் ஆழம் வேண்டும். 6 நானோமீட்டர் துகளில் அதற்கு இடமே இல்லை. எலெக்ட்ரானும் துளையும் சில பைக்கோ நொடிகளில் ஒரே சின்னப் பரப்புக்கு வந்து சேர்கின்றன. அங்கே குறைபாடுள்ள அணுக்கள் இரண்டையும் பிடித்து வைத்து மீண்டும் இணைத்துவிடுகின்றன. உள்ளே நடந்த மீள்சேர்க்கையை ஒழித்தோம், அது வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தடை எளிய எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 40 வாட் அளவு புற ஊதா ஒளி என்று கொண்டு, அனடேஸ் அதை உறிஞ்சும் திறனையும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், 10 நானோமீட்டர் துகள் ஒன்று நொடிக்குச் சில பத்து ஒளித்துகள்களையே விழுங்கும். 250 நானோமீட்டர் துகள் பல லட்சம் விழுங்கும். ஒரே எடைத் தூளில் சின்னத் துகள்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் மொத்த உறிஞ்சல் அதே அளவுக்கு வரும் என்பது சரிதான். ஆனால் சாய மூலக்கூறு ஒன்றைக் கரியமில வாயு வரை எரிக்க ஒன்றிரண்டு எலெக்ட்ரான் போதாது, நூற்றுக்கு அருகில் தேவை. நொடிக்குச் சில பத்து முறை மட்டும் விழித்தெழும் துகள், தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டு, அடுத்த ஒளித்துகளுக்காகக் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட மூலக்கூறு நழுவி நீருக்குப் போய்விடும்.

மூன்றாவது தடைக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. துகள் சில நானோமீட்டருக்குக் குறையும்போது ஆற்றல் இடைவெளி விரியும் என்பதை 1980-களின் தொடக்கத்தில் எகிமோவ், புரூஸ் ஆகியோரும், பெர்லினில் ஹெங்லைனும் காட்டினார்கள். 2023-இன் வேதியியல் பரிசு எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும். இதைக் காட்சியாகப் பார்க்க ஏற்ற பொருள் காட்மியம் சல்ஃபைடு. ஓவியர்களின் மஞ்சள் அது. அதையே மூன்று நானோமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் மஞ்சள் வெளிறி, கடைசியில் நிறமற்ற கரைசலாகும். எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. அளவை மட்டும் குறைத்தோம், நிறம் போய்விட்டது. சாயத்தைப் பற்றி இத்தனை அத்தியாயம் எழுதியவனுக்கு இதைவிட அழகான பரிசோதனை வேறில்லை. ஆனால் வெயிலை நம்பும் ஊருக்கு இதன் பொருள் என்ன? இடைவெளி விரிந்தால் எலெக்ட்ரானின் ஆற்றல் கூடும், உண்மை. கூடவே உறிஞ்சக்கூடிய ஒளியின் பங்கும் குறையும். வெயிலில் ஏற்கெனவே நாலைந்து பங்குதான் கைக்கு வருகிறது. அதையும் நறுக்கிக்கொள்வது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை. நல்லவேளையாக டைட்டானியம் டைஆக்சைடில் இந்த விளைவு மிகச் சின்ன அளவுகளில்தான் தலைகாட்டும்; 2 நானோமீட்டர் துகளில்கூட அது இருக்கிறதா என்றே 1995-இல் செர்போன் குழுவினர் ஐயம் எழுப்பினார்கள்.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான சான்றைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. ஜப்பானின் அன்போவும் அவர் குழுவும் 1987-இல், டைட்டானியம் டைஆக்சைடு துகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க, குறிப்பாக 10 நானோமீட்டருக்குக் கீழே, மெத்தில் அசெட்டிலின் ஹைட்ரஜனேற்றம் சட்டென்று உயர்வதைக் காட்டினார்கள். அளவு குறைந்தால் நல்லது என்போர் இன்றும் கைகாட்டும் ஆய்வு இது. ஆய்வில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அங்கே நடந்தது வாயுவில், ஒரு சின்ன மூலக்கூறில், சில எலெக்ட்ரான்களே தேவைப்படும் வினை. எலெக்ட்ரானின் கூடுதல் ஆற்றலே அதற்குப் பெரிய லாபம். அதற்கு எதிரே 1998-இல் ஜாக்கி யிங் குழுவினரின் முடிவை வையுங்கள். 6, 11, 21 நானோமீட்டர் என மூன்று அளவில் தூள் செய்து குளோரோஃபார்மைச் சிதைத்தார்கள். வென்றது 6 அல்ல, 11. பரப்பு அதிகமாக இருந்தும் 6 தோற்றதற்கு அவர்கள் சொன்ன காரணம் பரப்பு மீள்சேர்க்கை. 2002-இல் ஆல்ம்குவிஸ்டும் பிஸ்வாஸும் ஃபீனாலை எடுத்துக்கொண்டு பார்த்தபோது 25 முதல் 40 நானோமீட்டர் வரையுள்ள துகள் சிறந்ததாக வந்தது. இங்கே ஒருவர் கேட்கலாம்: ஒருவர் 11 என்கிறார், இன்னொருவர் 30 என்கிறார், இப்படி ஒத்துப்போகாத எண்களை வைத்து நடு அளவுதான் சரி என்று எப்படிச் சாதிப்பது? ஒத்துப்போகாததுதான் என் சான்று. வினை மாறினால், தூள் செய்யும் முறை மாறினால், பரப்புக் குறைபாடுகளின் எண்ணிக்கை மாறினால், உச்சி இடம் மாறுகிறது. ஆனால் நீரில் கரிமப் பொருளை எரிக்கும் வினைகளில் உச்சி என்று ஒன்று தென்படுகிறது. கோடு இறங்காமல் மேலேயே போவதில்லை. ஓதானி குழுவினர் 2009-இல் சந்தையில் கிடைக்கும் 35 டைட்டானியம் டைஆக்சைடு தூள்களை எடுத்து ஒவ்வொன்றின் குணங்களையும் பல வினைகளில் அவற்றின் செயலையும் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எல்லா வினைக்கும் பொதுவான ஒற்றைக் குணம் எதுவும் கிடைக்கவில்லை. அளவு அந்தக் குணங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது, அதுவும் பட்டுச் சாயங்களின் இனத்தைச் சேர்ந்த அமிலச் சாயத்தில். சென்னை அண்ணா பல்கலைக்கழக வேதியியல் துறையைச் சேர்ந்த முருகேசன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிட் பிரவுன் 14 என்ற அசோ சாயத்தை நேரடி வெயிலில் வைத்து, கடையில் வாங்கிய துத்தநாக ஆக்சைடையும் உலகெங்கும் அளவுகோலாகப் பயன்படும் பி25 என்ற டைட்டானியம் டைஆக்சைடையும் மோதவிட்டார்கள். பி25-இன் அடிப்படைத் துகள் 21 நானோமீட்டர், பரப்பு கிராமுக்கு 50 சதுர மீட்டர்; அதோடு போட்டி போட யாரும் சாதாரண துத்தநாக ஆக்சைடைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் வென்றது துத்தநாக ஆக்சைடுதான். வெயிலின் கூடுதல் பங்கை அது உறிஞ்சியதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். நிறம் போனதோடு நிறுத்தாமல், கரிமக் கார்பன் குறைந்ததையும் நைட்ரேட், சல்ஃபேட் அயனிகள் தோன்றியதையும் அளந்தது இந்த ஆய்வின் சிறப்பு. ஏனென்றால் இந்தத் துறையில் எளிதாக ஏமாறும் இடம் அதுதான். சாயம் தானே ஒளியை உறிஞ்சி எலெக்ட்ரானை வினையூக்கிக்குக் கொடுத்துவிட்டு நிறமிழக்கலாம். குறைகடத்தி ஒளியைத் தொட்டிருக்கவே வேண்டாம். மெத்திலின் நீலத்தை வைத்துத் தூளின் தரத்தை அளப்பது சரிதானா என்று ஓதானி தரப்பு 2006-இல் வெளிப்படையாகவே கேட்டது. அசோ சாயத்தில் நிறம் தரும் நைட்ரஜன் பிணைப்பு முதலில் அறுந்துவிடும், தண்ணீர் தெளிந்துவிடும்; அரோமாட்டிக் அமீன்கள் உள்ளேயே இருக்கும். 2 நானோமீட்டர் தூள் சாயத்தை அரைமணியில் வெளுத்துவிட்டது என்று வரும் செய்திகளில் பாதியை இந்தச் சந்தேகத்தோடுதான் நான் படிக்கிறேன்.

துத்தநாக ஆக்சைடுக்கு ஒரு குறை உண்டு, அமிலத்தில் கரையும். பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றும் தொட்டி அசிட்டிக் அமிலத் தொட்டி. அதற்கு முந்தைய பசை நீக்கும் தொட்டியோ காரத் தொட்டி. காஞ்சியின் நீரை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் புத்தகத்தில் அச்சிட்ட துகள் அளவு அர்த்தமிழக்கிறது. டைட்டானியம் டைஆக்சைடின் பரப்பு பி.எச். ஏறத்தாழ 6-க்குக் கீழே நேர்மின் தன்மையோடும் மேலே எதிர்மின் தன்மையோடும் இருக்கும். அமிலச் சாயங்களுக்கு சல்ஃபோனேட் வால் உண்டு, அவை எதிர்மின் அயனிகள். அமிலத் தொட்டியின் கழிவு தனியாக வந்தால் சாயம் தூளோடு நன்றாக ஒட்டும். பசை நீக்கிய சோடா நீரோடு கலந்துவிட்டால் தூள் சாயத்தைத் தள்ளிவிடும், கூடவே கார்பனேட் அயனிகள் ஹைட்ராக்சில் உறுப்புகளை விழுங்கிவிடும். இரண்டையும் கலந்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால் இன்னொரு சிக்கல்: மின்தன்மை பூஜ்யமாகும் இடத்துக்கு அருகே, அதுவும் உப்புள்ள நீரில், துகள்கள் ஒன்றையொன்று தள்ளாமல் கட்டிக்கொள்கின்றன. 21 நானோமீட்டர் என்று பையில் எழுதியிருந்தாலும் தொட்டியில் மிதப்பது மைக்ரோமீட்டர் அளவுக் கட்டிகள். கட்டியின் உள்ளே இருக்கும் பரப்புக்கு ஒளியும் சாயமும் எளிதில் போவதில்லை. 6 நானோமீட்டர் தூளுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர், அதைச் சாயநீரில் போட்ட சில நிமிடங்களில் வேறொரு தூளாக மாற்றிவிட்டார்.

கட்டிக்கொள்ளாமல் தடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மறுமொழி வரும். மேற்பரப்புப் பூச்சு, பிரிக்கும் காரணிகள் என்று வழிகள் உண்டு. சாயநீரின் சோப்பே ஓரளவு அந்த வேலையைச் செய்யும். தடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வேலை முடிந்த பின் தூளைத் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டாமா? ஸ்டோக்ஸ் விதியில் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் தனித்தனியாக மிதக்கும் 10 மைக்ரோமீட்டர் துகள் இரண்டு மணி நேரத்துக்குள் அடியில் படியும். 250 நானோமீட்டர் துகளுக்கு நான்கு மாதம். 20 நானோமீட்டர் துகளுக்கு ஐம்பது ஆண்டு. நடைமுறையில் நீர் மூலக்கூறுகளின் மோதலே அதை என்றென்றைக்கும் மிதக்கவிடும். ஆய்வுக்கூடத்தில் ஐந்து மில்லிலிட்டர் மாதிரியை எடுத்து மையவிலக்கியில் சுழற்றித் தூளைப் பிரித்துவிட்டு, தெளிந்த நீரை நிறமானியில் வைப்பார்கள். ஆயிரம் லிட்டருக்கு அப்படிச் செய்ய முடியாது. வடிகட்ட மென்படலம் போடலாம், மின்சாரச் செலவு சூரிய ஒளி இலவசம் என்ற கணக்கைத் தின்றுவிடும். இல்லையேல் சாயத்துக்குப் பதிலாக டைட்டானியத்தை வேகவதிக்கு அனுப்புவதாகும்.

அப்படியானால் உண்மையான கழிவுநீரில் பி.எச்.சும் உப்பும் நிறத்தின் அடர்த்தியும்தான் முடிவு செய்கின்றன, அளவைப் பற்றிய விவாதமே வீண் என்று சொல்லலாமா? இதுவும் ஓர் ஆட்சேபம்தான், முந்தையவற்றைவிடக் கூர்மையானது. என் பதில், இல்லை என்பதே. காரணத்தை ஒரு தோராயக் கணக்கில் காட்டலாம். ஆயிரம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்றால் மொத்தம் 100 கிராம். மூலக்கூறு எடை 500 என்று கொண்டால் 0.2 மோல், முழுதும் எரிக்க ஏறத்தாழ 20 மோல் எலெக்ட்ரான் வேண்டும். ஒரு சதுர மீட்டர் மேல் ஒரு நல்ல வெயில் நாளில் விழும் பயன்படும் புற ஊதா ஒளி இரண்டு மோல் அளவு. விழும் நூறு ஒளித்துகளில் ஒன்றுதான் வேலை செய்கிறது என்றால், ஒரே நாளில் முடிக்க ஆயிரம் சதுர மீட்டர் பரப்பில் தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட வேண்டும். அந்த ஒன்று ஐந்தானால் இருநூறு சதுர மீட்டர். காஞ்சியின் நெருக்கமான தெருக்களுக்குப் பின்னால் இயங்கும் பட்டறைக்கு ஆயிரம் என்பது நடவாத காரியம், இருநூறே சிரமம். அந்த ஒன்றை ஐந்தாக்குவதில் மீள்சேர்க்கையைக் குறைப்பதைவிடப் பெரிய வழி இல்லை, மீள்சேர்க்கை அளவோடு பின்னிக்கிடக்கிறது. அதனால்தான் முதலில் சோப்பையும் பசையையும் வழக்கமான முறைகளில் எடுத்து, நிறத்தின் பெரும்பகுதியையும் குறைத்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒளிவினையைக் கொண்டுவருவது அறிவுடைமை என்று கருதுகிறேன். அங்கே நீர் ஓரளவு தெளிந்திருக்கும், ஒளி உள்ளே போகும், எரிக்க வேண்டிய பொருளும் குறைவு.

அந்தக் கட்டத்தில் தூளை மிதக்கவிடாமல் கண்ணாடியிலோ மணிகளிலோ படலமாக ஒட்டிவைப்பது பிரிக்கும் தொல்லையை ஒழிக்கும். படலத்தில் அளவு குறித்த கேள்வி மறைந்துவிடுவதில்லை, உருமாறி வருகிறது. அனடேஸில் புற ஊதா ஒளி ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழம்தான் போகும். நாலைந்து மைக்ரோமீட்டருக்கு மேல் படலம் போட்டால் அடியிலுள்ள தூள் இருட்டில் கிடக்கும். ஆகவே மெல்லிய படலத்துக்குள்ளேயே நிறையப் பரப்பு வேண்டும், அதற்குச் சின்னத் துகள் வேண்டும். ஆனால் துகள்களுக்கு இடையே விடும் சந்து துகளின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பது அரிது. 6 நானோமீட்டர் துகள்களை நெருக்கி அடுக்கினால் சந்து இரண்டு நானோமீட்டர். அமிலச் சாய மூலக்கூறின் நீளமும் ஏறத்தாழ அதுதான். உள்ளே நுழைய முடியாத சாயம் படலத்தின் மேல்தோலோடு மட்டும் உறவாடும். மேலே ஒளி இருக்கிறது, கீழே இடம் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. 20 முதல் 30 நானோமீட்டர் துகள்கள் ஏழெட்டு நானோமீட்டர் சந்து விடும். சாயம் நுழையும், எரிந்த துண்டுகள் வெளியேறும், உள்ளே பிறந்த எலெக்ட்ரான் பத்திருபது பைக்கோ நொடியில் பரப்புக்கு வரும். ஆல்ம்குவிஸ்டும் பிஸ்வாஸும் ஃபீனாலில் கண்ட உச்சிக்குச் சற்றே இந்தப் பக்கம் இது, யிங் குழுவின் 11-க்கு அந்தப் பக்கம். பூச்சுத் தொழிலின் 250-லிருந்து பார்த்தால் மிகப் பொடி. நானோ என்ற சொல்லை வைத்து இன்று விற்கப்படும் தூள்களில் பலவற்றோடு பார்த்தால் பருமன்தான்.